கட்சிக்கு வரி இல்லை, கணக்கு உண்டு: அரசியல் நன்கொடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆண்டும் "இந்தக் கட்சிக்கு இத்தனை கோடி வந்தது" என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள்தான் கேட்கப்படுகின்றன. வரி கட்டினார்களா, யார் கொடுத்தது, எங்கே போய்ப் பார்ப்பது. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். இந்தியச் சட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. ஓர் இடத்தில் மட்டும் அமெரிக்காவை எட்டிப் பார்க்கிறோம்.

அரசியல் கட்சிகள் வருமான வரியே கட்டுவதில்லையா?

நிபந்தனைகளை மீறாதவரை கட்ட வேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 13ஏ என்ற பிரிவு 1979 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தைக் கடைக்கு விட்டு வாடகை வந்தாலும், வங்கி வைப்புக்கு வட்டி வந்தாலும், நிலத்தை விற்று லாபம் கிடைத்தாலும், நன்கொடை குவிந்தாலும் வரி கிடையாது. வியாபாரம் செய்து சம்பாதித்தால் மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது.

இது சின்னச் சலுகை அல்ல. 2023-24 நிதியாண்டில் பா.ஜ.க. காட்டிய வருமானம் சுமார் 4,340 கோடி ரூபாய், செலவு சுமார் 2,211 கோடி. ஒரு பேச்சுக்கு 30 சதவீத வரி என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு வருமானத்துக்கே 1,300 கோடி ரூபாய் அரசுக்கு வந்திருக்கும்.

2026 ஏப்ரல் 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண்கள்தான் மாறின, விலக்கு அப்படியே தொடர்கிறது. எல்லோருக்கும் பழகிய பழைய எண்களையே இங்கே பயன்படுத்துகிறேன்.

அந்த நிபந்தனைகள் என்னென்ன?

வரவு செலவுக்கு முறையாகப் புத்தகம் வைக்க வேண்டும். ஆடிட்டர் தணிக்கை செய்ய வேண்டும். 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவரின் பெயரும் முகவரியும் பதிவாக வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்த நன்கொடையையும் ரொக்கமாக வாங்கக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவு கேட்கும் நன்கொடை அறிக்கையைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். வருமான வரிக் கணக்கையும் கெடு தேதிக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

கடைசி நிபந்தனைக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 13ஏ வந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் பல கட்சிகள் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாமல் இருந்தன. வரித்துறையும் கேட்கவில்லை. "காமன் காஸ்" என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. கணக்குக் கொடுப்பது கட்டாயம் என்று நீதிமன்றம் 1996 ஏப்ரலில் சொன்னது. சலுகை மட்டும் வேண்டும், கணக்கு வேண்டாம் என்றால் எப்படி? அதைச் சொல்வதற்கே உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

தாமதமானால் என்ன ஆகும்? அபராதம் கட்டிவிட்டுத் தப்பிக்கலாமா?

இதற்கு காங்கிரஸ் கட்சியின் வழக்கைவிட நல்ல விளக்கம் இல்லை.

2017-18 நிதியாண்டின் கணக்கைத் தாக்கல் செய்ய நீட்டிக்கப்பட்ட கெடு 2018 டிசம்பர் 31. காங்கிரஸ் தாக்கல் செய்த நாள் 2019 பிப்ரவரி 2. சுமார் 199 கோடி ரூபாய்க்கு விலக்குக் கேட்டு, வரிக்குரிய வருமானம் பூஜ்யம் என்று காட்டியிருந்தது. அதிகாரிகள் புத்தகங்களைப் பார்த்தபோது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கிய நன்கொடைகள் மொத்தம் 14.49 லட்சம் இருந்தது தெரிந்தது. தாமதம் ஒன்று, ரொக்கம் ஒன்று. இரண்டையும் காட்டி முழு 199 கோடிக்கும் வரித்துறை விலக்கை மறுத்தது.

2024 மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு வரி பாக்கி வசூல் தொடங்கியது. வங்கிக் கணக்குகளை முடக்கிவிட்டார்கள் என்று கட்சி புகார் சொன்னது. தாமதமாகவும் கணக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதே என்பது கட்சியின் வாதம். சாதாரண ஆளுக்கு அந்த இடம் இருக்கலாம், 13ஏ விலக்குக் கேட்பவருக்கு இல்லை என்று வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 ஜூலையில் முடிவு செய்தது.

கெடுவுக்குள் தாக்கல் செய்தால்தான் விலக்கு என்ற நிபந்தனை முதன்முதலில் பொருந்தியது அந்த ஆண்டுக்குத்தான். வரித்துறை நடவடிக்கை எடுத்த நேரத்தில் அரசியல் இருந்ததா என்று அவரவர் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் சட்டத்தின் அமைப்பைக் கவனியுங்கள். பதினாலரை லட்சத் தவறுக்கும் 199 கோடிக்கான விலக்கு போகிறது, பத்துக் கோடித் தவறு என்றாலும் அதேதான் போகும். தவறின் அளவுக்கேற்ற தண்டனை என்று நடுவில் ஒன்றுமே இல்லை. நன்கொடை அறிக்கை கொடுக்காத கட்சிக்கும் 29சி பிரிவில் சிறையோ அபராதமோ இல்லை. அந்த ஆண்டு வரிச்சலுகை போகும், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய கம்பை எடுத்தால் அடி பலமாகத்தான் விழும் என்பதால், பெரும்பாலும் யாரும் அதை எடுப்பதில்லை.

20,000 என்கிறார்கள், 2,000 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, ஆனால் வேறு வேறு விஷயங்கள். 2,000 என்பது ரொக்கத்துக்கான வரம்பு. 2017-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் வந்தது. 20,000 என்பது பெயரை வெளியே சொல்வதற்கான வரம்பு. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 29சி-யோடு வந்தது.

அப்படியானால் நீங்கள் 19,500 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தால் உங்கள் பெயர் தேர்தல் ஆணையத்துக்குப் போகும் அறிக்கையில் வராது. 1,900 ரூபாயை நோட்டாக நீட்டினாலும் வராது. பொதுக்கூட்டத்தில் துண்டை விரித்து வசூலிக்கிறார்களே, அந்தச் சில்லறைக் காசுக்கு யாரும் பெயர் எழுத முடியாது. நியாயம்தான். தேர்தல் ஆணையம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கூட்டத்தில் விழும் சிறு தொகைகளை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாருடைய பெயர் முகவரியையும் கட்சி குறித்து வைக்க வேண்டும் என்றது. குறித்து வைப்பதோடு சரி, ஊருக்குக் காட்டத் தேவையில்லை.

ஒரே ஆள் 19,000 ரூபாயைப் பத்து முறை கொடுத்தால்? 29சி "அந்த நிதியாண்டில் ஒருவரிடமிருந்து" என்கிறது. கூட்டிப் பார்க்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் 13ஏ "ஒவ்வொரு நன்கொடையும்" என்று பேசுகிறது. பெயரில்லாமல் வந்ததைக் கூட்டுவது எப்படி என்ற நடைமுறைக் கேள்வியும் இருக்கிறது. இந்தச் சந்து வழியாக எவ்வளவு போகலாம் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும்: பகுஜன் சமாஜ் கட்சி 20,000 ரூபாய்க்கு மேல் ஒருவரும் தரவில்லை என்று ஆண்டுக்கு ஆண்டு அறிக்கை கொடுத்து வந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் ஏழைகள், சிறுகச் சிறுகத் தருகிறார்கள் என்பது அந்தக் கட்சியின் விளக்கம்.

இந்த 20,000-ஐ 2,000 ஆக்குங்கள் என்று தேர்தல் ஆணையம் 2022-இல் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது.

அந்த நன்கொடை அறிக்கை பார்க்க எப்படி இருக்கும்?

அதன் பெயர் படிவம் 24ஏ. எளிய அட்டவணைதான். வரிசை எண், கொடுத்தவரின் பெயரும் முழு முகவரியும், பான் எண், தொகை, கொடுத்த விதம், குறிப்பு. கொடுத்த விதம் என்ற கட்டத்தில் காசோலை எண்ணும் வங்கியின் பெயரும் இருக்கும். நிறுவனம் என்றால், கம்பெனிச் சட்டத்தின் விதிகளைக் கடைப்பிடித்ததா என்ற கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். கடைசியில் கட்சிப் பொருளாளரோ, கட்சி அதிகாரம் கொடுத்த வேறொருவரோ கையெழுத்திட வேண்டும்.

சொல்ல எளிது, படிக்கத்தான் கஷ்டம். பல கட்சிகளின் அறிக்கைகள் ஸ்கேன் செய்த பக்கங்களாக வருகின்றன. பக்கம் சாய்ந்திருக்கும், முத்திரையின் மை எண்ணின் மேல் படிந்திருக்கும், சொல்லைத் தட்டித் தேடவும் முடியாது. இரண்டு ஆண்டு அறிக்கைகளை ஒப்பிட வேண்டுமென்றால் நோட்டும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டியதுதான்.

தேர்தல் பத்திரம் என்று ஒன்று இருந்ததே, அது என்ன ஆனது?

2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் விதை போட்டு, 2018 ஜனவரி 2-இல் அறிவித்த திட்டம் அது. பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை ஐந்து மதிப்புகளில் பத்திரம் வாங்கலாம். விரும்பிய கட்சியிடம் கொடுக்கலாம். கட்சி 15 நாளுக்குள் அதைத் தன் கணக்கில் போட வேண்டும். பத்திரத்தில் வாங்கியவர் பெயர் இருக்காது. 24ஏ-விலும் எழுத வேண்டாம். 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் பெயர் வெளியே வர வேண்டும் என்ற விதியைக் கட்டி வைத்துவிட்டு, கோடிக்கு மட்டும் பின்வாசல் திறந்ததுபோல.

2024 பிப்ரவரி 15-இல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இதை ரத்து செய்தார்கள். யார் பணத்தில் கட்சி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்பதே காரணம். அதற்குள் 16,500 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றுப்போயிருந்தன. மார்ச் மாதத்தில் வங்கியின் விவரங்கள் வெளியாயின. முதலில் வாங்கியவர் பட்டியல் தனி, பணமாக்கிய கட்சிகளின் பட்டியல் தனி. நீதிமன்றம் மறுபடியும் சத்தம் போட்ட பிறகுதான் இரண்டையும் இணைக்கும் எண்கள் வந்தன.

இதற்கு நடுவே, கட்சிகள் 2019-இலும் 2023-இலும் மூடிய உறையில் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்திருந்த கடிதங்களும் வெளியே வந்தன. என்னைக் கேட்டால் முழு விவகாரத்திலும் படிக்கச் சுவையானவை அவைதான். ஐக்கிய ஜனதா தளம் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 2019 ஏப்ரல் 3 அன்று பாட்னா அலுவலகத்துக்கு யாரோ வந்தார், ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார், திறந்து பார்த்தால் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள் பத்து இருந்தன, கொடுத்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. சமாஜ்வாதி கட்சிக்கோ பத்துக் கோடி தபாலில் வந்ததாம், பெயரில்லாமல்.

தமிழ்நாட்டுக் கட்சிகள் என்ன சொன்னன?

தி.மு.க. பெயர்களைச் சொன்னது. நன்கொடையாளர்களைத் தொடர்புகொண்டு விவரம் கேட்டு வாங்கி எழுதியதாகக் கூறியது. மொத்தம் 656.5 கோடி ரூபாய். அதில் 509 கோடி கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங் கொடுத்தது. நாட்டிலேயே அதிகப் பத்திரம் வாங்கிய நிறுவனமும் அதுதான், 1,368 கோடி. தமிழ்நாட்டிலோ 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அ.தி.மு.க. காட்டியது 6.05 கோடி, பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் நிறுவனம் தந்தது. பா.ஜ.க.வும் காங்கிரசும் தங்கள் கடிதங்களில் கொடுத்தவர் பெயரைச் சொல்லவில்லை. இடதுசாரிக் கட்சிகள் பத்திரம் வாங்கவே மாட்டோம் என்று ஒதுங்கி நின்றன. மார்க்சிஸ்ட் கட்சி வழக்குத் தொடுத்தவர்களில் ஒன்று.

இன்னொரு கணக்கும் நினைவுக்கு வருகிறது. 2019 மக்களவைத் தேர்தல் செலவு அறிக்கையில், கூட்டணியில் இருந்த இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கு 25 கோடியும், கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடியும் கொடுத்ததாக தி.மு.க. எழுதியிருந்தது. அதைப் பெரிய ஊழல்போலப் பேசினார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஒரு கட்சி இன்னொரு கட்சிக்கு வங்கி வழியாகக் கொடுத்து, அதை அறிக்கையிலும் எழுதியதால்தான் நமக்கே தெரிந்தது.

இப்போது பெரிய பணம் எந்த வழியாக வருகிறது?

நேரடிக் காசோலை, வங்கிப் பரிமாற்றம், அப்புறம் தேர்தல் அறக்கட்டளைகள். அறக்கட்டளைத் திட்டம் 2013-இல் வந்தது. நிறுவனங்கள் அறக்கட்டளைக்குக் கொடுக்கும், அது அந்த ஆண்டு வந்த பணத்தில் 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். ரொக்கம் வாங்கக் கூடாது. புரூடென்ட் என்ற அறக்கட்டளை இவற்றில் பெரியது.

பத்திரத்தைவிட இது எவ்வளவோ மேல். யார் போட்டார்கள் என்ற பட்டியலும், எந்தக் கட்சிக்குப் போனது என்ற பட்டியலும் தேர்தல் ஆணையத்திடம் இருக்கின்றன. ஆனால் பத்துப் பேர் ஊற்றிய பாலை ஒரே அண்டாவில் கலந்து நான்கு பேருக்கு ஊற்றினால், யார் பால் யார் டம்ளரில் என்று எப்படிச் சொல்வது?

ஒரு நிறுவனம் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாமா?

கூடாது. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம்தான் உச்சவரம்பு. 2017-இல் இதை நீக்கினார்கள். பத்திரத் தீர்ப்பு அந்த நீக்கத்தையும் ரத்து செய்ததால் வரம்பு திரும்பி வந்துவிட்டது. தொடங்கி மூன்று ஆண்டு ஆகாத நிறுவனமும் அரசு நிறுவனமும் கொடுக்கவே முடியாது.

வெளிநாட்டில் இருக்கிறேன். கட்சிக்கு நிதி அனுப்பலாமா?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் முடியாது. ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும் நீங்கள் வெளிநாட்டவர்தான். வெளிநாட்டு நிறுவனங்கள் கதை வேறு. வேதாந்தா குழும நிறுவனங்களிடம் வாங்கியதற்காக பா.ஜ.க., காங்கிரஸ் இரண்டுமே வெளிநாட்டு நன்கொடை விதியை மீறின என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014-இல் சொன்னது. அடித்துக்கொள்ளும் இரண்டு கட்சிகளுக்கும் ஒரே சிக்கல். 2016-இலும் 2018-இலும் நிதிச் சட்டங்கள் வழியாக "வெளிநாட்டு மூலம்" என்பதன் பொருளே முன்தேதியிட்டு மாற்றப்பட்டது, 1976 வரை பின்னோக்கி.

மார்ச் மாதமானால், "கட்சிக்கு நன்கொடை கொடுங்கள், வரி மிச்சம், பணமும் திரும்பி வரும்" என்கிறார்களே?

வேண்டாம். இது குற்றம்.

உண்மையான சலுகை இதுதான்: வருமான வரிச் சட்டத்தில் தனிநபருக்கு 80ஜிஜிசி பிரிவு, நிறுவனத்துக்கு 80ஜிஜிபி பிரிவு. கட்சிக்குக் கொடுத்த முழுத் தொகையையும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த தனிநபருக்கும் கிடையாது.

மோசடி நடப்பது இப்படி. பெயரே கேள்விப்படாத ஒரு கட்சி இருக்கும். பதிவு மட்டும் பெற்ற, அங்கீகாரம் இல்லாத கட்சி. தேர்தலில் நின்றே இருக்காது. நீங்கள் வங்கி வழியாக ஒரு லட்சம் அனுப்புவீர்கள். ரசீது வரும். சில நாள் கழித்து இடைத்தரகர் தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கையில் கொடுப்பார். 30 சதவீத வரி கட்டுபவருக்கு முப்பதாயிரம் மிச்சம். எல்லாம் கச்சிதமாகத் தெரியும், கட்சியின் வங்கிக் கணக்கை வரித்துறை திறந்து பார்க்கும்வரை. 2022 செப்டம்பரில் இப்படிப்பட்ட கட்சிகளில் நாடு முழுக்கச் சோதனை நடந்தது. 2025 ஜூலையில் போலிக் கழிவுகளைத் தேடி மறுபடியும் நடந்தது. ரசீது வைத்திருந்த சம்பளக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது. கட்சி கணக்குக் காட்டவில்லை என்ற சுமை கடைசியில் கொடுத்தவர் தலையில்.

ஆறு ஆண்டுகள் எந்தத் தேர்தலிலும் நிற்காத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. செப்டம்பரில் இன்னும் 474. தமிழ்நாட்டுக் கட்சிகளும் அதில் உண்டு.

தகவல் உரிமைச் சட்டத்தில் கட்சியிடமே கேட்கலாமா?

கேட்கலாம், பதில் வராது. ஆறு தேசியக் கட்சிகள் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூன் 3-இல் உத்தரவிட்டது. ஆறும் கண்டுகொள்ளவில்லை.

வேட்பாளர் செலவுக்கு வரம்பு இருக்கிறது. கட்சிக்கு?

இல்லை. தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் என்று 2022-இல் வரம்பு வைத்தார்கள். கட்சி எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், அறிக்கை கொடுத்தால் போதும். மக்களவைத் தேர்தல் முடிந்து 90 நாள், சட்டமன்றத் தேர்தல் என்றால் 75 நாள்.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே அரசியல் அமைப்புகளுக்கான வரிவிலக்கு வரிச் சட்டத்தின் 527-ஆம் பிரிவில் இருக்கிறது. வேறு இடத்தில் கணக்குக் கொடுக்காத அமைப்புகள் வரித்துறையிடம் 8872 என்ற படிவம் தர வேண்டும். ஓர் ஆண்டில் மொத்தம் 200 டாலர் கொடுத்தவரின் பெயர், முகவரியோடு அவருடைய வேலையும் முதலாளியின் பெயரும்கூட அதில் வரும். சொல்லாமல் மறைத்தால், மறைத்த தொகைக்கு மட்டும் நிறுவன வரி விகிதத்தில், இப்போது 21 சதவீதம், கட்ட வேண்டும். நம் ஊரில் இல்லாத "தவறின் அளவுக்கு அடி" அங்கே இருக்கிறது. ஆனால் அங்கேயும் சந்து உண்டு: சமூக நல அமைப்பு என்று 501(சி)(4) பிரிவில் பதிவு செய்துகொண்டு, கொடுத்தவர் பெயரைச் சொல்லாமலே தேர்தல் விளம்பரத்துக்குச் செலவழிக்கிறார்கள்.

இதையெல்லாம் நானே பார்க்க முடியுமா?

முடியும், இலவசம். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஆண்டுவாரியாக மூன்று வகை ஆவணங்கள் இருக்கும்: நன்கொடை அறிக்கை, தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு, தேர்தல் செலவு அறிக்கை. மாநிலக் கட்சிகளுக்கு மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தையும் பாருங்கள். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் இவற்றைத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அவசரத்துக்கு அது போதும்.

முதலில் ஆண்டுக் கணக்கில் மொத்த நன்கொடை எவ்வளவு என்று பாருங்கள். பிறகு 24ஏ-வில் பெயரோடு இருக்கும் தொகையைக் கூட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெயரில்லாத பணம். நீங்களே போன ஆண்டு ஒரு கட்சிக்கு 25,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்திருந்தால் உங்கள் பெயரையும் அப்படியே தேடிவிடுங்கள். காசோலை எண்ணோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் ரசீதோடு கட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.